நிறம் மாறினால் என்ன பொருள்?



சூடு பட்டால் நிறம் மாறும் பொருட்கள் இன்று நமது வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டன. பிள்ளையின் நெற்றியில் வைத்துப் பார்க்கும் காய்ச்சல் பட்டி, கடையில் தரும் பற்றுச்சீட்டு, தடுப்பு மருந்துக் குப்பியில் காணப்படும் சிறிய வட்டம் ஆகிய மூன்றும் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஆனால் சூடு தணிந்ததும் சில பழைய நிறத்துக்குத் திரும்பும். சில ஒருபோதும் திரும்புவதில்லை. இந்த வேறுபாட்டைத் தாய்மார் அறிந்திருப்பது அவசியம்.

முதலில் நெற்றிப் பட்டியை எடுத்துக்கொள்வோம். 1888ஆம் ஆண்டு பிராக் நகரில் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர், கரட் கிழங்கிலிருந்து பெற்ற ஒரு பொருளை ஆராய்ந்தார். அது 145.5 பாகை செல்சியஸில் உருகிக் கலங்கிய திரவமாகி, 178.5 பாகையில் தெளிந்தது. ஆறும்போது அதில் நிறங்கள் தோன்றின. இப்படி இடைநிலையில் நிற்கும் பொருட்களைத் திரவப் பளிங்கு என்கிறார்கள். இவற்றின் நுண்துகள்கள் சுழல் படிக்கட்டைப் போல அடுக்கடுக்காய்த் திரும்பி நிற்கும். சூடு மாறும்போது அந்தச் சுழலின் இடைவெளியும் மாறும். அதனால் அது திருப்பி அனுப்பும் ஒளியின் நிறமும் மாறுகிறது. சூடு தணிந்ததும் பழைய நிறம் வந்துவிடும்.

பார்க்க இலகுவான பட்டிதான். ஆனாலும் அது காட்டுவது தோலின் சூட்டையே. உடலின் உட்சூட்டை அல்ல. மின்விசிறிக் காற்றும் வியர்வையும் அதை ஏமாற்றிவிடும். ஆகவே பட்டியை நம்பி, "காய்ச்சல் இல்லை" என்று முடிவு செய்துவிடாதீர்கள். பிள்ளை சோர்ந்திருந்தால் வெப்பமானியைக் கொண்டு பாருங்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 பாகை அல்லது அதற்கு மேல் இருந்தால் தாமதியாது வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

அடுத்தது பற்றுச்சீட்டு. பல கடைகளில் தரும் வழவழப்பான சீட்டில் மை கிடையாது. தாளில் பூசிய இரசாயனம் சூடு பட்ட இடத்தில் கறுக்கிறது, அதுவே எழுத்தாகிறது. அதைப் பாதுகாப்பதாக எண்ணிச் சூட்டில் லெமினேட் செய்தால் முழுத் தாளும் கறுத்துவிடும். வெயிலில் வைத்தால் எழுத்து மங்கும். குளிர்சாதனப் பெட்டி, தையல் இயந்திரம் போன்றவற்றின் உத்தரவாதச் சீட்டு இவ்வகையாயின் உடனே ஒரு போட்டோ பிரதி எடுத்து வையுங்கள்.

மூன்றாவதே மிக முக்கியமானது. தடுப்பு மருந்துகள் பல, சூட்டில் வீரியம் இழந்துவிடும். பார்வைக்கோ எந்த மாற்றமும் தெரியாது. இதற்காக 1996 முதல் போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளில் ஓர் அடையாளம் ஒட்டப்படலாயிற்று. பின்னர் வேறு மருந்துகளுக்கும் வந்தது. நிறமுள்ள ஒரு வட்டம், அதற்குள் வெளிறிய ஒரு சதுரம். குப்பி படும் சூட்டுக்கும் அது சூட்டில் இருந்த நேரத்துக்கும் ஏற்பச் சதுரம் கறுத்துக்கொண்டே போகும். மீண்டும் குளிரில் வைத்தாலும் வெளுக்காது. பட்ட சூடு அனைத்தும் அதில் பதிந்தே இருக்கும்.

இதை வாசிப்பது சுலபம். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால், காலாவதித் திகதியும் கடக்காதிருந்தால், உபயோகிக்கலாம். சதுரம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அல்லது அதைவிடக் கறுத்துவிட்டால் உபயோகிக்கக் கூடாது. போலியோ சொட்டு மருந்தின் அடையாளம் 37 பாகைச் சூட்டில் இரண்டே நாட்களில் அந்த எல்லையை எட்டும். சூட்டைத் தாங்கும் சில மருந்துகளுக்கு அதே சூட்டில் 30 நாட்கள் எடுக்கும் அடையாளம் ஒட்டப்படுகிறது.

இந்த அடையாளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மருந்து உறைந்து பழுதானால் இது காட்டித்தராது. மஞ்சட்காமாலை 'பி' தடுப்பூசி போன்றவை உறைந்தால் கெட்டுவிடும். அதனால்தான் அவற்றை ஐஸ்கட்டியோடு ஒட்டி வைக்கக் கூடாது என்கிறார்கள்.

அடுத்த முறை பிள்ளையுடன் கிளினிக் செல்லும்போது, "மிஸ், அந்தக் குப்பியைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது குறை காண்பதாகாது. குப்பியில் அந்த அடையாளம் இருந்தால், சதுரம் வெளிறியிருப்பதை நீங்களே கண்டு மனநிறைவுடன் பிள்ளைக்கு மருந்தைக் கொடுக்கலாம்.