வியர்வைக்கு ரசீது உண்டோ?

கார் மோதியது, காய்கறி வண்டிக்காரரின் கால் முறிந்தது. வண்டி ஓடாத வீட்டில் அடுப்பு எரியுமா? இழந்த வருமானத்தைக் கேட்டால், காருக்குரிய இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கிறது: "ரசீது எங்கே?" வியர்வைக்கு ரசீது தந்தவர் யார், தோழர்களே?

கூலித் தொழிலாளி ஒருவர் தம் மாத வருமானம் 4,500 ரூபாய் என்றார். 3,000 என்று வெட்டியது தீர்ப்பாயம். உச்சநீதி மன்றமோ 2011-இல், உழைப்பாளியிடம் ஆவணம் எதிர்பார்க்கலாகாது என்றது, 4,500 நிலைத்தது!

இது பிச்சையல்ல, உரிமை! தொழில் செய்யும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். ஆனால் 2022 ஏப்ரல் முதல் சட்டம் வைத்த கெடு ஆறே மாதம். ஆறுதல் சொல்லச் செல்லும் தோழர்களே, மனு எழுதித் தந்துவிட்டு வாருங்கள்!