பேயான மனைவி, செங்கல்லான ஊர்

1988-இல் ஜப்பானில் வெளியான ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’ விளையாட்டில் ஒரு வெள்ளைப் பேய் வரும். மாரியோ அதன் பக்கம் திரும்பினால் வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டு நின்றுவிடும். அவன் முதுகைக் காட்டினால் துரத்தும். ஆங்கிலத்தில் அதற்குப் ‘பூ’ என்று பெயர். ஜப்பானில் அதைத் ‘தெரேசா’ என்கிறார்கள். அந்தப் பேய் எப்படிப் பிறந்தது என்று மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ சொன்ன கதை ரசிகர்கள் மத்தியில் பிரபலம். அவருடன் வேலை செய்த தகாஷி தெசுகாவின் மனைவி ரொம்ப அமைதியானவராம். கணவர் எந்நேரமும் ஆபீசே கதி என்று கிடந்ததால் ஒருநாள் வெடித்துவிட்டாராம். அதைத்தான் பேயாக்கி விளையாட்டில் சேர்த்தார்களாம்.

இந்தத் துணுக்கைச் சொல்கிறவர்கள் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒரு பெண் தன் புருஷனிடம் நேரம் கேட்டிருக்கிறாள். கேட்டது நியாயமா என்று துணுக்கு பேசுவதில்லை. அவள் பெயரையும் சொல்வதில்லை. அவளுடைய கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் பேயின் கோபமாக மாற்றி, மாரியோவின் முதுகுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள்.

துணுக்குகளை நான் வெறுக்கவில்லை. எனக்கும் அவை பிடிக்கும். எது துணுக்காகிறது, எது ஆகாமல் போகிறது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதே என் கேள்வி.

1985-இல் வந்த முதல் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் கையேட்டில் ஒரு கதை இருக்கிறது. காளான் ராஜ்ஜியத்தின் மக்களை எதிரிகள் மந்திரம் போட்டுக் கல்லாகவும் செங்கல்லாகவும் செடியாகவும் மாற்றிவிட்டார்கள். ‘அப்படியென்றால் மாரியோ முட்டி முட்டி உடைக்கும் செங்கல் எல்லாம் மனிதர்கள்தானா!’ என்பது உலகம் முழுக்க விளையாட்டுப் பிரியர்கள் சொல்லிச் சொல்லி மகிழும் ரகசியம். ஆனால் அதே கதை இன்னொன்றும் சொல்கிறது. அந்த மந்திரத்தை முறிக்கும் சக்தி ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அது இளவரசி. அதனால்தான் அவளைச் சிறைப்பிடித்து வைத்திருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஊரையே மீட்கும் வல்லமை கொண்டவள் அவள். மாரியோ அவளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய ஆள், வேலை அவளுடையது. ஆனால் விளையாட்டுக்குள் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. ஏழு கோட்டைகளைத் தாண்டும்போதும் இளவரசி வேறொரு கோட்டையில் இருக்கிறாள் என்ற செய்தியே வருகிறது. எட்டாவதில் இருக்கிறாள். நன்றி சொல்கிறாள். அவ்வளவுதான். செங்கல் பற்றிய பாதி உலகப் புகழ் பெற்றது. அவளைப் பற்றிய பாதியை யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்களுக்கு அந்தக் கையேடே வரவில்லை. தியாகதுருகத்தில் நாங்கள் பார்த்தது அசல் நிண்டெண்டோ அல்ல, அதை நகலெடுத்த மலிவான ‘டிவி கேம்’. மஞ்சள் கேசட்டில் ஆயிரக்கணக்கான கேம் இருப்பதாக எழுதியிருக்கும். போட்டுப் பார்த்தால் அதே பத்துப் பதினைந்து திரும்பத் திரும்ப வரும். கூடவே ஒரு காகிதம்கூட இருக்காது. இளவரசிக்குச் சக்தி உண்டு என்று சொன்ன அந்த ஒரு வரியும் எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேரவில்லை. பெண் என்பவள் கடைசிக் கோட்டையில் நிற்கும் பரிசு என்பது மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது.

அந்த டிவி கேமுக்கு டிவி வேண்டும். 2006-இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தபோது எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு முதல் டிவி வந்தது. 2011-இல் அ.தி.மு.க. அரசு மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுத்தது. மிக்ஸியும் கிரைண்டரும் பெண்களின் நேரத்தை மிச்சப்படுத்தும் என்றார்கள். மிச்சமான நேரம் எங்கே போனது? டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது என் தம்பியும் அவன் கூட்டாளிகளும்தான். நான் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் அம்மாவின் குரல் வரும்: “ஏண்டி, தண்ணி வந்துருச்சு, கொடத்த எடு. அவன் ஆம்பளப் புள்ள, ஆடட்டும். நீயும் அவனும் ஒண்ணா?”

அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கரும்புக் காட்டிலும் மரவள்ளிக் காட்டிலும் கூலிக்குப் போய்விட்டு வந்து அடுப்பு பற்றவைத்தவர் அவர். அவருக்கும் ஒருவரும் அரை மணி நேரம் கொடுத்ததில்லை. இந்திய அரசே 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதைச் சொல்கிறது: சம்பளமில்லாத வீட்டுவேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள், அந்த வேலை செய்கிற ஆண்கள் 97 நிமிடம். வீட்டுவேலை பக்கமே போகாத ஆண்கள் அந்த 97-இல் சேரவும் இல்லை. இது ஆறு வயதிலிருந்து எடுத்த கணக்கு. குடம் தூக்கும் சிறுமியும் இதற்குள் இருக்கிறாள்.

விளையாட்டில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கப் புத்தி மட்டும் போதாது. வீணாக்க நேரம் வேண்டும். மாரியோவின் 1-2 கட்டத்தின் முடிவில் ஒரு குழாய் இருக்கிறது. அதன் மேல் குனிந்து, திரும்பி, சரியான இடத்தில் குதித்தால் மாரியோ சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடுவான். அங்கே வேறு உலகங்களுக்குப் போகும் குழாய்கள் இருக்கின்றன. அவை எந்த உலகத்துக்குப் போக வேண்டும் என்று விளையாட்டு தீர்மானிப்பதற்குள் நாம் உள்ளே இறங்கிவிட்டால், பழைய எண்ணான 36-ஐ அது எடுத்துக்கொள்ளும். 36-ஆம் எண்ணுக்கு உரிய படம் வெற்றிடம். அதனால் திரையில் ‘-1’ என்று தெரியும். முடிவே இல்லாமல் சுற்றும் ஒரு நீர்க்கட்டம் அது. ‘மைனஸ் வேர்ல்டு’ என்பார்கள். இதைச் செய்துபார்க்க நூறு முறை சுவரில் முட்ட வேண்டும். நூறு முறையும் யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும்.

அரசு மடிக்கணினி என் பெயருக்கு வந்த பிறகுதான் நான் அந்தச் சுவரைத் தாண்டினேன். வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, நான்கு இரவுகள்.

‘இது வெறும் விளையாட்டு, இதிலுமா பெண்ணியம்?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் கணினிப் பாடம் நடத்துகிறவள். எனக்கு இது வெறும் விளையாட்டாகத் தெரியவில்லை. ஒரு பைட்டில் குறியோடு எண்ணை வைத்தால் 127-க்கு மேல் போக முடியாது, அடுத்தது எதிர்மறை எண்ணாகிவிடும் என்று பலகையில் எழுதுகிறேன். வகுப்பில் பையன்கள் சிலர் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். “தெரியும் மேடம், மாரியோல 3-1-ல ஆமை ஓட்ட மிதிச்சு மிதிச்சு லைஃப் ஏத்துவோம்ல, 127-ஐத் தாண்டிட்டுச் செத்தா கேம் ஓவர் ஆயிடும்.” உண்மைதான், காரணமும் அதேதான். மொத்தம் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்ததால் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தை வைத்து நிறத்தை மட்டும் மாற்றினார்கள் என்றால் அவர்களுக்கு நினைவகச் சிக்கனம் புரிந்துவிடுகிறது. வெள்ளிமலைப் பக்கமிருந்து பஸ் பிடித்து வரும் மாணவி அதையே புத்தகத்தில் படித்து, மனப்பாடம் செய்து, தேர்வில் அவர்களைவிட அதிக மதிப்பெண் வாங்குகிறாள். ஆனாலும் ‘பையனுங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் மூளை’ என்ற பேச்சு நிற்பதில்லை. பத்து வருடம் ஒரு சம்பளமில்லாத பயிற்சி வகுப்பு நடந்திருக்கிறது. அதில் பெண்களைச் சேர்க்கவில்லை. இப்போது அதன் பலனைப் பிறவிக் குணம் என்கிறார்கள்.

அதோடு விடுவதுமில்லை. நாம் விளையாட்டைப் பற்றிப் பேச வந்தால் ஒரு பரீட்சை வைக்கிறார்கள். கல்லூரியில் நான் மாரியோ என்று வாயெடுத்ததும் கேட்டார்கள்: “நெசமாவே ஆடுவியா? அப்ப மைனஸ் வேர்ல்டுக்கு எப்படிப் போறது, சொல்லு பாப்போம்.” அதே கேள்வியை அவர்கள் ஒருவரையொருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. சரியாகச் சொன்னாலும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். உள்ளே விடாமல் இருப்பதற்கான கேள்விக்குச் சரியான விடை என்று ஒன்று கிடையாது. தோழிகளே, அந்தப் பரீட்சையை எழுதாதீர்கள். திருப்பிக் கேளுங்கள்: அந்த மந்திரத்தை முறிக்கக்கூடியவர் யார்? மாரியோவுக்கு நிண்டெண்டோவின் கிடங்கு உரிமையாளர் மாரியோ செகாலியின் பெயரை வைத்தார்கள். 1981-இல் ‘டாங்கி காங்’ விளையாட்டில் அவன் காப்பாற்றிய பெண்ணுக்கு முதலில் என்ன பெயர்? வெறும் ‘லேடி’. அவளுக்குப் பாலின் என்று பெயர் வந்தது பிறகுதான், அதுவும் ஓர் ஊழியரின் மனைவியை வைத்து.

இப்போது நிலைமை மாறிவிட்டது என்பார்கள். இளவரசி பீச் தனியாக நாயகியானது 2005-இல். அந்த ‘சூப்பர் பிரின்சஸ் பீச்’ விளையாட்டில் அவளுக்குக் கொடுத்த ஆயுதம் என்ன தெரியுமா? மகிழ்ச்சி, அழுகை, ஆத்திரம், அமைதி. மனநிலை மாறினால் சக்தி வரும். அழுதால் கண்ணீரில் செடி வளரும். இருபது வருடம் காத்திருந்தவளுக்குக் கிடைத்தது இதுதான். 2017-இல் ‘சூப்பர் மாரியோ ஒடிசி’ பாலினை ஒரு நகரத்தின் மேயராக்கியது. நல்லது, ஆனால் அதற்கு 36 வருடம் ஆகியிருக்கிறது.

எனக்குப் பிடித்த மாற்றம் நிறுவனத்திடமிருந்து வரவில்லை. அமெரிக்காவில் மைக் மிக்கா என்ற விளையாட்டு உருவாக்குநரிடம் அவருடைய சின்ன மகள், பாலின் ஏன் மாரியோவைக் காப்பாற்றக் கூடாது என்று கேட்டாள். 2013-இல் அவர் பழைய ‘டாங்கி காங்’ கோப்பைத் திறந்து, படங்களை மாற்றி, அவளை ஓடவும் குதிக்கவும் வைத்தார். மாற்ற முடியாத இயற்கை விதி என்று நாம் நினைத்தது திருத்தக்கூடிய சில பைட்டுகள் என்பது அன்று தெரிந்தது. அந்தச் சிறுமிக்கு ஆட நேரமிருந்தது. ஆடியதால் கேள்வி வந்தது. கேள்வியைக் கேட்டுக்கொள்ள வீட்டில் ஆள் இருந்தது.

நம் பெண்களுக்கு ‘பயனுள்ள’ பொழுதுபோக்கு மட்டும் அனுமதி. தையல், கோலம், டைப்ரைட்டிங், டியூஷன். எதற்கும் உதவாத ஒரு மணி நேரம் அவளுக்குக் கிடையாது. பையனுக்கு அது தினமும் கிடைக்கிறது. அவன் அதிலிருந்து பைட் கற்றுக்கொள்கிறான், தோற்றுத் தோற்று எழக் கற்றுக்கொள்கிறான், ஒரு பொருள் எங்கே உடையும் என்று தட்டிப்பார்க்கக் கற்றுக்கொள்கிறான். ஆகவே நான் கேட்பது சலுகையோ தனிப் பயிற்சித் திட்டமோ அல்ல. வீட்டில் தண்ணீர் வந்தால் யார் கையில் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதோ அவர் எழுந்து போகட்டும். அடுத்த முறை அவள் கையில் அது இருக்கும்போது தம்பி குடம் எடுக்கட்டும். அவள் சுவரில் நூறு முறை முட்டட்டும். எதையும் கண்டுபிடிக்காமல் போனாலும் பரவாயில்லை. அந்த நேரம் அவளுடையது.