முதல் சொல்லும் மிச்சமும்

சிவகங்கைக் குளக்கரைப் பக்கம் போகும்போது ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்த்தால் எனக்குச் சேக்கிழார் நினைவு வரும். பெரிய புராணத்துக்கு அம்பலவாணரே அடியெடுத்துக் கொடுத்தார் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த கதை. ஆனால் அவர் கொடுத்தது முதல் சொல் மட்டும்தான். மிச்சம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைச் சேக்கிழார்தான் உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது.

ஆரம்பிப்பதில் நானும் சளைத்தவனில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். லா ஃபோந்தேனின் நீதிக்கதைப் பாடல்களை மனப்பாடம் பண்ணி வீட்டில் உரக்கச் சொல்வேன். அக்கா பூத் தொடுத்தபடியே, "அது என்னடா சொல்லுது?" என்று கேட்பாள். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. 1986ல் ஒரு நோட்டு வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, அவளுக்காகத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். பன்னிரண்டு பாகங்களையும் முடித்த பிறகுதான் காட்டுவது என்று முடிவு.

எங்கள் அலுவலகத்தில் தன்பதிவேடு என்று ஒன்று உண்டு. அதில் ஏறிய கடிதம் முடிவாகும்வரை குமாஸ்தாவை விடாது; அதிகாரி கேட்டுக்கொண்டே இருப்பார். வீட்டு நோட்டை யார் கேட்பது? மாற்றல், மகள் கல்யாணம், ஓய்வு என்று வருஷங்கள் ஓடின. போன வருஷம் அக்கா போய்விட்டாள். நோட்டில் முப்பத்தேழு கதைகள் இருந்தன. ஒன்றைக்கூட அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

சோம்பலைவிடப் பெரிய குற்றவாளி, "கொடுத்தால் முழுசாகத்தான் கொடுப்பேன்" என்ற வீம்பு. லா ஃபோந்தேனே அப்படிச் செய்யவில்லை. முதல் ஆறு பாகங்களை 1668ல் வெளியிட்டார். கடைசிப் பாகம் வந்தது 1694ல், மறுவருஷம் காலமானார். அவர் தவணையில் கொடுத்ததை நான் மொத்தமாகக் கொடுக்க நினைத்தேன்!

நம் ஊர் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் 1924 முதல் 1927 வரை முதல்வராக இருந்த உ.வே.சா.வைப் பாருங்கள். 1880ல் சேலம் இராமசாமி முதலியார் சொல்லி எடுத்த சீவக சிந்தாமணியை 1887ல் அச்சில் கொண்டுவந்தார். பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு என்று ஒவ்வொன்றாக முடித்தார். 'என் சரித்திரம்' மட்டும் நின்றுபோயிற்று. 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிவந்தவர், 1942ல் 87 வயதில் காலமானார். ஆனாலும் எழுதிய அளவு வாசகர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. என் முப்பத்தேழு கதைகள் பீரோவுக்குள் இருந்தன.

எனவே என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான். எடுத்த வேலையைச் சின்னதாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு துண்டு முடிந்ததும் அன்றே உரியவரிடம் கொடுத்துவிடுங்கள். குடும்ப வரலாறோ, கோலப் புத்தகமோ, எதுவானாலும் சரி. முழுசாகட்டும் என்று காத்திருந்தால், வாங்கிக்கொள்ள ஆள் இருக்கமாட்டார்.

தை மாதம் அந்த முப்பத்தேழையும் தட்டச்சு செய்து, ஜெராக்ஸ் எடுத்து, பைண்டு பண்ணி அக்காவின் பேத்தியிடம் கொடுத்தேன். இப்போது மாதம் ஒரு கதை எழுதி, அன்றே அவளுக்குப் போனில் படிக்கிறேன். தேதி தள்ளிப்போனால் அவளே கூப்பிட்டு, "தாத்தா, இந்த மாசக் கதை எங்கே?" என்கிறாள். மறுபடியும் எனக்கு ஒரு அதிகாரி கிடைத்துவிட்டார்.