படம் இருக்கிறது, எடுத்தவர் இல்லை

திருகோணமலையில் கமரா வைத்திருப்பவர் படமெடுக்கப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. கோணேசர் மலையில் விடியலையும் உட்துறைமுகத்தில் அந்தியையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம். பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்து மான்கள் கடற்கரை வரை வந்து மேய்கின்றன. காலம் பார்த்து ஆழ்கடலுக்குப் போனால் நீலத் திமிங்கிலம் தெரியும். இந்த மாவட்டத்தில் எத்தனையோ இளைஞர்கள் கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று படமெடுத்துக் குடும்பத்தைக் கொண்டுபோகிறார்கள். ஓய்வு கிடைத்தால் தமக்கென்று நாலு படம் எடுத்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு அவற்றைத் திருத்தி முகநூலில் போடுகிறார்கள். வீட்டுக்கும் தொழில் தேர்ச்சிக்கும் பகிர்வதற்கும் நேரத்தைப் பங்கிடுவதுதான் அவர்களுடைய அன்றாடக் கவலை.

இதே மூன்றையும் சுமந்த ஒருவர் இதே ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று கமரா தூக்கும் இளைஞர்களில் பலர் அப்போது சிறுபிள்ளைகள். அதனால்தான் அந்தக் கதையை மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் பெயர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். ஊடக நண்பர்களுக்கு எஸ்.எஸ்.ஆர். மட்டக்களப்பு மாவட்டத்தில் பிறந்து திருகோணமலையில் வாழ்ந்தவர். திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ‘சுடர் ஒளி’ நாளிதழுக்குப் பகுதிநேரச் செய்தியாளராக இருந்தார். மனைவி, இரண்டு பிள்ளைகள்.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகே, சில மாணவ நண்பர்கள் கூடியிருந்தார்கள். முச்சக்கர வண்டியில் வந்தவர்கள் கைக்குண்டு வீசினார்கள். பிறகு படையினர் அந்த இடத்தைச் சுற்றி வளைத்தனர், துப்பாக்கிச் சூடு கேட்டது. மனோகரன் ரஜிகர், யோகராஜா ஹேமச்சந்திரா, லோகிதராஜா ரோகன், தங்கத்துரை சிவானந்தா, சண்முகராஜா கஜேந்திரன் ஆகிய ஐவர் உயிரிழந்தார்கள். எல்லோரும் இருபது வயதை ஒட்டியவர்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டே வெடித்து அவர்களைக் கொன்றது என்று அரச தரப்பு சொன்னது.

அன்றைய திருகோணமலையை நினைத்துப் பார்க்க வேண்டும். 2005 மே மாதத்தில் நகரின் பஸ் நிலையத்தருகே இரவோடிரவாகப் புத்தர் சிலை வைக்கப்பட்டதிலிருந்து ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. ஹர்த்தால், ஊரடங்கு, சோதனைச் சாவடி என்றே நாட்கள் போயின. அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர்நிறுத்தம் காகிதத்தில் மட்டும் இருந்தது. அந்தச் சூழலில் அரசு ஒன்றைச் சொல்லிவிட்டால் மறுத்துப் பேச யாருக்குத் துணிவு வரும்? பேசினாலும், ‘உன் பேச்சுக்கு ஆதாரம் என்ன’ என்ற ஒரே கேள்வியில் வாயடைத்துவிடலாம்.

ஆதாரம் வைத்தியசாலைப் பிணவறையில் கிடந்தது. சுகிர்தராஜன் அங்கே போய்ப் படமெடுத்தார். ‘சுடர் ஒளி’ அவற்றை வெளியிட்டது. மாணவர்களின் தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைப் பத்திரிகையை விரித்த யாரும் பார்க்க முடிந்தது. கைக்குண்டுக் கதை அத்தோடு முடிந்தது. மருத்துவப் பரிசோதனையும் சூட்டுக் காயங்களை உறுதிசெய்தது.

படக்கலையில் தேர்ச்சி என்று நாம் எதைச் சொல்கிறோம்? பயிற்சிப் பட்டறைகளில் ஒளி, நிறம், சட்டகம் பற்றிப் பேசுகிறார்கள். எல்லாம் தேவைதான். ஆனால் இந்தக் கலையின் மிகக் கடினமான தேர்வு பிணவறையில்தான் நடக்கிறது என்பேன். முழு உடலும் தெரிய ஒன்று, முகம் அடையாளம் தெரிய ஒன்று, காயம் தலையின் எந்தப் பக்கம் என்று காட்ட ஒன்று, அதன் பிறகே காயத்தை நெருங்கி ஒன்று என்று எடுக்க வேண்டும். காயத்தை மட்டும் எடுத்தால் ‘இது யாருடைய தலை’ என்ற கேள்வி வரும். முகத்தை மட்டும் எடுத்தால் எப்படி இறந்தார் என்பது தெரியாமல் போகும். ஃப்ளாஷ் வெளிச்சம் நேரே அடித்தால் காயத்தின் விளிம்பு வெளிறிவிடும். தோட்டா துளைத்த காயமா, கைக்குண்டுச் சிதறல் கிழித்த காயமா என்பதை அந்த விளிம்புதான் சொல்லும். இவ்வளவையும் அவசரத்தில், பயத்தில், பெற்றவர்களின் அழுகைக்கு நடுவே செய்து முடிக்க வேண்டும். கை நடுங்கினால் திரும்ப எடுக்க வாய்ப்பில்லை. ஒரு பகுதிநேரச் செய்தியாளர் அதைச் செய்து காட்டினார். ஈழத்துத் தமிழ் இதழியலில் இதைவிடப் பெரிய வேலை செய்த படங்கள் அதிகம் இல்லை.

2006 ஜனவரி 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போகப் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது சுகிர்தராஜனைச் சுட்டுக் கொன்றார்கள். ஆளுநர் செயலகத்துக்குக் கூப்பிடு தூரம். மாணவர்கள் இறந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. முதல் நாள்தான் துணை ஆயுதக் குழுக்களின் அட்டூழியங்கள் பற்றிய அவருடைய செய்தி பத்திரிகையில் வந்திருந்தது. ஆகவே படங்களுக்காகக் கொன்றார்களா, செய்திக்காகவா, இரண்டுக்குமாகவா என்பதை ஒரு நேர்மையான விசாரணைதான் சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

அவர் செய்தி சேகரிக்கும் இடத்தில் விழவில்லை. குடும்பத்துக்குச் சோறு போட்ட வேலைக்குப் போகும் வழியில் விழுந்தார். இதை நாம் போதிய அளவு யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். நம் தமிழ்ப் பத்திரிகைகளின் பிராந்தியச் செய்தியாளர்களில் பெரும்பாலானோருக்கு நியமனக் கடிதம் இல்லை, ஊழியர் சேமலாப நிதி இல்லை, காப்புறுதி இல்லை. அச்சில் வந்த செய்திக்கும் படத்துக்கும் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் தொகை பெட்ரோலுக்கும் போன் கட்டணத்துக்குமே போதாது. எனவே அவர்கள் ஆசிரியராக, எழுதுவினைஞராக, கடைக்காரராக, துறைமுகத் தொழிலாளியாக இன்னொரு வேலையில் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு நேரம் தவறாமல் போக வேண்டும். ஒரே பாதை, ஒரே பஸ் நிறுத்தம், ஒரே நேரம். குறிவைப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? பத்திரிகை சுகிர்தராஜனை முழுநேரம் வைத்திருந்தால் ஆபத்தான கிழமைகளில் கொழும்புக்கு அழைத்து மறைத்திருக்கலாம் என்று சொல்லலாம். ‘சுடர் ஒளி’யை மட்டும் நோக்கி இதைச் சொல்லவில்லை. அந்தக் குழுமமும் அடி வாங்கிய குழுமம்தான். அதே 2006இல் மே 2ஆம் திகதி, அதே குழுமத்தின் யாழ்ப்பாணத்து நாளிதழான ‘உதயன்’ அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். நான் குறை சொல்வது ஒரு ஏற்பாட்டை. படத்தின் பயன் சமூகம் முழுவதற்கும் போகிறது, அதன் விலையை ஒரு வீடு மட்டும் கட்டுகிறது.

ஐந்து மாணவர்களின் வழக்கு பின்னர் எப்படிப் போனது? 2006இல் அமைக்கப்பட்ட உடலாகம ஆணைக்குழு விசாரித்த சம்பவங்களில் இதுவும் ஒன்று. ரஜிகரின் தந்தை டொக்டர் மனோகரன் தன் மகனைப் புலி என்று ஏற்க மறுத்து, அச்சுறுத்தல்களுக்கு நடுவே சாட்சி சொன்னார். கடைசியில் நாட்டை விட்டே போக வேண்டிவந்தது. 2013இல் இந்த வழக்கில் பொலிஸ் விசேட அதிரடிப்படையினர் பலர் கைது செய்யப்பட்டுப் பிணையில் விடப்பட்டார்கள். 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் போதிய சாட்சியம் இல்லை என்று சந்தேகநபர்கள் 13 பேரையும் விடுவித்தது.

உலகம் முழுவதும் பார்த்த படங்கள் இருக்க, சாட்சியம் போதவில்லை என்பதைப் படித்துப் பலர் ஆத்திரப்பட்டார்கள். எனக்கும் ஆத்திரம் உண்டு. ஆனால் ஒரு படம் நீதிமன்றத்தில் எப்படிச் சான்றாகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுவாக அதை எடுத்தவரோ உடனிருந்தவரோ கூண்டில் ஏறி, இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் எடுத்தேன், பிறகு இதில் கைவைக்கவில்லை என்று சொல்ல வேண்டும். குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். காயங்களுக்குப் படம் சான்று. சுட்டவர் யார் என்பதற்குக் கண்ணால் கண்டவர்கள் வேண்டும். கண்டவர்கள் பயந்து ஒதுங்கினார்கள் அல்லது கடல் கடந்தார்கள். படமெடுத்தவர் மூன்று கிழமையில் இல்லாமல் போனார். பத்திரிகையாளர் கொலை என்று மட்டும் இதைப் பதிவுசெய்வது போதாது. இது ஒரு சாட்சியின் கொலை. சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் இலங்கையில் முதன்முதலாக வந்தது 2015இல். சுகிர்தராஜனுக்கு ஒன்பது ஆண்டு பிந்தி வந்த சட்டம் அது.

வேறு நாடுகளில் இப்படிப்பட்ட படங்கள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அங்கே எடுத்தவர் உயிரோடு இருந்தார் என்பதுதான் வேறுபாடு. ஆர்ஜன்டீனாவில் விக்டர் பஸ்தெரா என்ற அச்சுத் தொழிலாளியை 1979இல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் பிடித்துச் சென்று கடற்படையின் வதைமுகாமில் அடைத்தார்கள். போலி ஆவணங்களுக்காக அதிகாரிகளைப் படமெடுக்கும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. அவர் இரகசியமாக ஒரு பிரதி கூடுதலாக எடுத்து வைத்தார். குடும்பத்தைப் பார்க்க அனுமதித்தபோதெல்லாம் உடலில் ஒளித்து வெளியே கொண்டுவந்தார். 1985இல் இராணுவ ஆட்சியாளர்கள் மீதான வழக்கில் அவரே வந்து சாட்சி சொன்னார். 2020இல் முதுமையில் இயற்கையாக இறந்தார்.

சிரியாவில் ‘சீசர்’ என்ற புனைபெயரில் அறியப்பட்ட இராணுவப் பொலிஸ் படப்பிடிப்பாளர், சிறையில் கொல்லப்பட்டவர்களின் படங்களை நாட்டுக்கு வெளியே கொண்டுவந்தார். அந்தத் தொகுப்பில் 50,000க்கும் அதிகமான படங்கள் இருந்தன. 2013இல் நாட்டை விட்டு வெளியேறினார். பெயரையும் முகத்தையும் 2025 வரை மறைத்து வைத்திருந்தார்கள். இடையில் ஜெர்மனியின் கோப்ளென்ஸ் நீதிமன்றம் அந்தப் படங்களைத் தடயவியல் நிபுணரைக் கொண்டு ஆராய்ந்து, 2022 ஜனவரியில் சிரிய உளவுத்துறையின் முன்னாள் அதிகாரி ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சீசர் கூண்டில் ஏறவில்லை. படங்கள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்ற தொடர்ச்சியை வேறு சாட்சிகள் நிறுவினார்கள். முதலில் ஆளைப் பாதுகாத்தார்கள், பிறகு மூலக் கோப்புகளைப் பாதுகாத்தார்கள். நம்மிடம் இரண்டுமே நடக்கவில்லை.

பகிர்வது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஜனவரி 2ஆம் திகதியும் அந்தப் பிணவறைப் படங்கள் கைப்பேசிகளில் வலம் வருகின்றன. எடுத்தவர் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. வெட்டியும் நிறம் ஏற்றியும் மேலே எழுத்து ஒட்டியும் பகிர்கிறார்கள். சுற்றுகிற பிரதி சிதையச் சிதைய, மூலப் பிரதியின் பெறுமதி கூடுகிறது. இறந்த பிள்ளையின் முகத்தைத் தாய் எதிர்பாராமல் மறுபடி மறுபடி பார்க்க நேர்வதும் ஒரு வதைதான். அந்த ஐந்து பேரின் உயிரோடிருந்த காலத்துப் படங்கள் இருக்கின்றனவே, நினைவுநாளுக்கு அவை போதாதா? பிணவறைப் படங்கள் போக வேண்டிய இடம் நீதிமன்றமும் ஆவணக் காப்பகமும்தான். 2021இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானத்தின் வழியே, இலங்கை தொடர்பான சான்றுகளைச் சேகரித்துப் பாதுகாக்கும் பொறுப்பு மனித உரிமை ஆணையாளர் அலுவலகத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அப்படியொரு கதவு திறந்திருக்கும்போது முகநூலையே காப்பகமாக நம்பியிருக்கக் கூடாது.

சுகிர்தராஜன் கொல்லப்பட்ட ஜனவரி 24 இன்னொரு குடும்பத்தின் நாளும்கூட. 2010இல் அதே திகதியில்தான் கேலிச்சித்திரக்காரர் பிரகீத் எக்னெலிகொட காணாமல் ஆக்கப்பட்டார். அவர் மனைவி சந்தியா இரண்டு மகன்களோடு நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியே ஆண்டுகளைக் கழித்தார். எழுதியவரையும் வரைந்தவரையும் படமெடுத்தவரையும் அகற்றிவிட்டால், மிச்ச வேலை அவர்களுடைய வீட்டாரின் தலையில் விழுகிறது. அவர்களைக் கேட்காமலே விழுகிறது.

கமரா தூக்கும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது இதுதான். திமிங்கிலத்தையும் மானையும் எடுங்கள், கல்யாண வீட்டில் பேர் வாங்குங்கள். ஊரில் அநியாயம் நடந்து கமரா உங்கள் கையில் இருந்தால் அதையும் எடுங்கள். ஆனால் தனியாகப் போகாதீர்கள். மூலக் கோப்பைத் திருத்தாமல், திகதி மாறாமல், ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வையுங்கள். நம்பிக்கையான சட்டத்தரணி ஒருவரிடம் ஒரு பிரதி இருக்கட்டும். உங்கள் பெயர் போட வேண்டுமா என்பதை வீட்டாரோடு பேசி நீங்களே முடிவு செய்யுங்கள், அந்த முடிவை ஆசிரியர் பீடத்திடம் விடாதீர்கள். பத்திரிகை நிறுவனங்கள் பிராந்தியச் செய்தியாளர்களுக்கு நியமனக் கடிதமும் காப்புறுதியும் கொடுக்க வேண்டும். ஆபத்தான படத்தை அச்சேற்றும் நாளிலேயே எடுத்தவரையும் அவர் குடும்பத்தையும் எங்கே வைப்பது என்று தீர்மானித்திருக்க வேண்டும்.

அரசு சுகிர்தராஜன் கொலை விசாரணையை மாணவர் கொலையோடு சேர்த்து மீண்டும் எடுக்க வேண்டும். 2006 ஜனவரியில் அந்தப் பிணவறைப் படங்களின் மூலப் பிரதியையோ முதல் நகலையோ யாராவது பெற்று வைத்திருந்தால், ஒரு பழைய கணினியிலோ இறுவட்டிலோ அது இன்னும் கிடந்தால், தயவுசெய்து அதைத் தேடி எடுத்துப் பாதுகாப்பான கையில் ஒப்படையுங்கள்.