குடை திருடிய குரங்கும் நமது பிள்ளைகளும்

1956 ஆம் ஆண்டு என்றவுடன் இலங்கைத் தமிழர் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தனிச் சிங்களச் சட்டமே. அரசியல் பத்தி எழுதும் நாங்கள் எத்தனையோ தடவை அந்த ஆண்டைத் தொட்டு எழுதியிருக்கிறோம். அதே ஆண்டில்தான் 'குட ஹொரா', அதாவது குடைத் திருடன், என்ற சிறுவர் படக்கதை நூல் சிங்களத்தில் வெளிவந்தது. ஒரு மொழி நாட்டை இரண்டாக்கிக் கொண்டிருந்த வேளையில், அதே மொழியில் ஒரு பெண்மணி குரங்கைப் பற்றிக் கதை சொல்லிக் கொண்டிருந்தார். அவர்தான் சிபில் வெத்தசிங்க.

1927 இல் காலிக்கு அண்மையிலுள்ள கிந்தோட்டையில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பம் கொழும்புக்குக் குடிபெயர்ந்தபோதிலும், விட்டு வந்த கிராமம் அவரை இறுதிவரை விடவில்லை. ஓவியத்தை எவரிடமும் முறையாகப் பயின்றவரல்லர். பதின்ம வயதில் பாடநூலுக்குப் படம் வரைந்து தொடங்கி, 'லங்காதீப' பத்திரிகையிலும் பின்னர் லேக் ஹவுஸ் நிறுவனத்தின் 'ஜனதா'விலும் பணியாற்றினார். அங்கே பத்திரிகையாளராயிருந்த தர்மபால வெத்தசிங்கவை மணந்தார். பெண்களை ஆசிரிய பீடத்தில் காண்பதே அரிதாயிருந்த காலம் அது.

குடைத் திருடன் முதலில் 'ஜனதா'வின் சிறுவர் பகுதியிலேயே வெளியாயிற்று. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாளிதழ் அலுவலகங்களில் சிறுவர் பகுதிக்கு நேரும் கதியை நான் நேரில் கண்டவன். கடைசி நேரத்தில் அரைப்பக்க விளம்பரம் ஒன்று வந்துவிட்டால் முதலில் தூக்கப்படுவது அதுதான். புதிதாகச் சேர்ந்த உதவி ஆசிரியரின் தலையில் கட்டப்படுவதும் அதுதான். அந்த மூலையிலிருந்து புறப்பட்ட கதை பல மொழிகளுக்குப் போயிற்று. ஜப்பானில் விருதும் பெற்றது. அதே காலத்து முதற்பக்கத் தலைப்புச் செய்திகளுள் ஒன்றையேனும் இன்று எவராவது விரும்பிப் படிப்பார்களா?

கதை மிக எளியது. குடையையே கண்டிராத கிராமத்தவரான கிரி மாமா பட்டணத்துக்குப் போகிறார். அங்கே குடைகளைக் கண்டு வியந்து ஒன்றை வாங்கி வருகிறார். ஊருக்குத் திரும்பிக் கடையொன்றில் இளைப்பாறிவிட்டுப் பார்த்தால் குடையைக் காணோம். மறுபடி வாங்குகிறார், மறுபடியும் காணோம். இறுதியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளை நிரப்பிவைத்து, அவை சிந்திய வழியே சென்று பார்க்கிறார். காட்டு மரமொன்றில் குடைகள் எல்லாம் தொங்குகின்றன. திருடன் ஒரு குரங்கு! நமது நீதிக்கதையாக இருந்தால் குரங்கு நன்றாக உதை வாங்கியிருக்கும். கிரி மாமாவோ குரங்குக்கென்று ஒரு குடையை விட்டுவிட்டு, மற்றவற்றைக் கொண்டுவந்து குடைக்கடை போட்டுவிடுகிறார். பிள்ளைகளுக்கு உபதேசம் செய்யாமல் எழுதுவது எவ்வளவு கடினம் என்பது முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த மரத்தில் மிஞ்சிய ஒற்றைக் குடைக்காகவே சிபிலைப் பெரிய எழுத்தாளர் என்பேன்.

படங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். சாரம் கட்டிய ஆண்கள், ஓலைக் குடிசைகள், விகாரைச் சுவரோவியங்களை நினைவூட்டும் நீண்ட கண்கள். தென்னிலங்கைக் கிராமம் அப்படியே இருக்கிறது. ஆனால், வடமராட்சியிலோ படுவான்கரையிலோ உள்ள பிள்ளைக்கு அதில் அந்நியமானது எதுவுமில்லை.

அந்தப் பிள்ளை கிரி மாமாவை அறியுமா என்பதே என் கேள்வி. லேக் ஹவுஸ் கட்டடத்திலிருந்துதான் 'தினகரன்' பத்திரிகையும் 1932 முதல் வெளிவந்தது. ஒரே கூரை, ஒரே முதலாளி. 1973 இன் பின்னர் ஒரே அரசு. அரசியல்வாதியின் அறிக்கை அன்றே மொழிபெயர்க்கப்பட்டு இரண்டு மொழிகளிலும் வந்துவிடும். சிறுவர் கதை அந்தப் படிக்கட்டைக் கடந்து வந்தது அபூர்வம். வேடிக்கை என்னவென்றால், சென்னையிலிருந்து புறப்பட்ட அம்புலிமாமா ஒரு காலத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலும் சிங்களப் பிள்ளைகளுக்குச் சிங்களத்திலும் கிடைத்தது. விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் இரு சாராரும் அறிவர். அடுத்த ஊர்க் கிரி மாமாவை ஒரு சாரார் மட்டுமே அறிவர்.

குறை ஒரு பக்கத்தில் மட்டும் என்று நான் கூறவில்லை. நமது தங்கத் தாத்தா நவாலியூர் சோமசுந்தரப் புலவர் 'தாடி அறுந்த வேடன்' பாடினார். சிபில் 'ஓடும் தாடி' என்று ஒரு கதை எழுதினார். இந்த இரண்டு தாடிகளையும் ஒருசேர அறிந்த பிள்ளை இலங்கையில் எத்தனை பேர்?

இறுதிக் காலத்தில் சிபில் ஒரு கதையை முடிக்காமல் விட்டு, முடிவை எழுதித் தருமாறு பிள்ளைகளிடம் கேட்டார். அவர்கள் எழுதிய 1,250 வெவ்வேறு முடிவுகளுடன் வெளிவந்த அந்நூல் 2020 இல் கின்னஸ் சாதனையாயிற்று. அதே ஆண்டு யூன் 30 ஆம் திகதி அவர் தமது 92 ஆவது வயதில் மறைந்தார்.

மொழிபெயர்ப்பு என்ற பெயரில் ஓரிரண்டு நூல்கள் புத்தகக் கண்காட்சியில் தலைகாட்டிவிட்டுப் போவதால் பயனில்லை. அவை கிளிநொச்சியிலும் வாகரையிலும் பாடசாலை நூலகத் தட்டில், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கவேண்டும். புலவரின் பாடல்கள் அதேபோல மாத்தறையில் சிங்களத்தில் இருக்கவேண்டும். படக்கதை ஒன்றை மொழிபெயர்க்க, இரு மொழியும் நன்கறிந்த ஒருவருக்கு ஓரிரு நாட்கள் போதும். அத்தகையவர்கள் என் தலைமுறைப் பத்திரிகை அலுவலகங்களில் மேசைக்கு ஒருவராவது இருந்தார்கள். அவர்களுள் எஞ்சியிருப்போரைத் தேடிப்பிடித்து இந்த வேலையைக் கொடுப்பதானால், இப்போதே கொடுக்கவேண்டும்.