தட்டினால் பாடும் கல்

நெல்லையை விட்டு வந்து சாமராஜநகரில் குப்பை கொட்டுகிறேன். இந்த ஊர்க் கருங்கல்லுக்கு வெளிநாட்டில் ஏகக் கிராக்கி. அங்கே போய் கல்லறைக் கல்லாக நிற்கிறது. நம்ம பிள்ளைகளின் பூங்காவுக்கோ வெறும் ஊஞ்சலும் சறுக்கும்தான். எனக்கு இது சரியாகப் படவில்லைங்க.

எங்க ஊர் நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத் தூண்களைத் தட்டினால் நாதம் கேட்கும். இங்கே கர்நாடகத்தில் ஹம்பி விட்டலர் கோயிலிலும் இசைத்தூண்கள் உண்டு. இப்போது தொட அனுமதியில்லை. பழசு, சேதமாகும். தடை நியாயம்தான். புதுசாகச் செய்யலாமே? ஆரோவில்லின் ஸ்வரம் பட்டறை செய்கிறது: ஈரக் கையால் தடவினால் ரீங்காரமிடும் கல். குரோஷியாவின் ஸாதரில் 2005-ல் கடலோரப் படிக்கட்டுக்கு அடியில் 35 குழாய் பதித்தார்கள். அலை மோதினால் படியே பாடுகிறது.

'ரோட்டுக்கே வழியில்லை, பாட்டு ஒரு கேடா?' என்பீர்கள். கல்லுக்குக் கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம்.

ஊர்விட்டு வந்த வீட்டுப் பிள்ளை, கன்னடம் வாயில் வரும்வரை பூங்காவில் ஓரமாகத்தான் நிற்கும். ஊஞ்சலில் ஒருவர்தான் ஆடலாம். கல்லை நாலு பேர் சேர்ந்து தட்டலாம்; அதற்குப் பாஷை வேண்டாம். குவாரிக்காரர்கள் நாலு கல்லை இங்கேயே விட்டால் போதும். அக்கம்பக்கத்துக் கன்னடக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்போமா?