கல்லறையும் இல்லாத பிள்ளைகள்



நவம்பர் மாதத்தைத் திருச்சபை மரித்தோருக்கென ஒதுக்கியிருக்கிறது. நம்மவர்க்கு இம்மாதத்தில் மூன்று நாட்கள் வருகின்றன. 2ஆம் நாள் மரித்த விசுவாசிகள் அனைவரின் நினைவு. 11ஆம் நாள் கனடா தன் போர்வீரரை நினைந்து பொப்பி மலர் அணிகிறது. 27ஆம் நாள் ஈழத்தில் போராளிகளாக மாண்ட பிள்ளைகளுக்கு விளக்கேற்றப்படுகிறது. முதல் நாளில் ஆலயத்துக்கு வருகிறோம். இரண்டாவதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு விட்டுவிடுகிறோம். மூன்றாவதைக் குறித்துத் தாழ்ந்த குரலில் பேசுகிறோம், அல்லது உரத்த குரலில் சண்டையிடுகிறோம். இம்மூன்றையும் ஒரே பலிபீடத்தின் முன் கொண்டுவர வேண்டும் என்பதே என் எண்ணம்.

ரொறன்ரோவிலிருந்து மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில் கிச்சினர் நகரம் இருக்கிறது. ஜேர்மானியர் பெருமளவிற் குடியேறிய அவ்வூரின் பழைய பெயர் பேர்லின். முதல் உலகப் போர்க் காலத்து வெறுப்பில், 1916இல் அப்பெயர் களையப்பட்டு, பிரித்தானியப் படைத்தலைவர் ஒருவரின் பெயர் சூட்டப்பட்டது. அதே நகரின் உட்லண்ட் சேமக்காலையில் இன்று 187 ஜேர்மானியப் போர்க்கைதிகள் துயில்கின்றனர். இரு உலகப் போர்களின்போதும் கனடாவிற் சிறைப்பட்டிருந்து இறந்த அவர்களின் எச்சங்கள், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் 1970ஆம் ஆண்டளவில் அங்கே ஒன்றுசேர்க்கப்பட்டன. பகைவரின் கல்லறைகளைப் பேணுவதால் கனடா தன் வீரருக்குச் செலுத்தும் மரியாதை எள்ளளவும் குறைந்துவிடவில்லை.

நம் மண்ணிலும் இத்தகைய சேமக்காலை உண்டு. திருகோணமலையிலிருந்து நிலாவெளி செல்லும் வீதியில், இரண்டாம் உலகப் போரில் மாண்ட பொதுநலவாயப் படையினரின் கல்லறைகள் பெயர் துலங்கப் பேணப்படுகின்றன. பதவி, இனம், சமயம் பாராது எல்லார்க்கும் ஒரே மரியாதை என்பது 1917இல் அமைந்த போர்க் கல்லறை ஆணைக்குழு வகுத்த நெறி.

இனிக் கோப்பாய்க்கு வருவோம். அக்கிராமத்துத் துயிலும் இல்லம், 1995இல் இராணுவம் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின் சிதைக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் மீளக் கட்டப்பட்டது. போர் முடிந்தபின் மறுபடியும் இடித்து நிரவப்பட்டது. 2011 மார்ச்சில் அந்நிலத்தில் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் திறக்கப்பட்டது. அங்கே பிள்ளையைப் புதைத்த தாய் இன்று முகாமுக்கு வெளியே நின்று விளக்கேற்ற வேண்டியிருக்கிறது. 1991இல் மாண்ட சிங்களச் சிப்பாய்க்கு ஆனையிறவில் நினைவுச்சின்னம் உண்டு. இந்திய அமைதிப்படையினருக்குக் கொழும்பின் அருகே கோட்டையில் உண்டு. அவை இருக்கட்டும், அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகளே. இவளுடைய பிள்ளைக்கு மட்டும் ஆறடி நிலமும் ஏன் மறுக்கப்பட்டது?

“அவர்கள் ஆயுதம் ஏந்தியவர்கள், அவர்களுடைய இயக்கம் 2006 முதல் கனடாவிலேயே தடைசெய்யப்பட்டது, அவர்களுக்காகச் செபிப்பது அவர்கள் செய்தவற்றை ஏற்பதாகாதா?” என்று சிலர் கேட்பர். நேர்மையான கேள்விதான். மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரம் இதற்கு விடை தருகிறது. போரில் மடிந்த வீரரை அடக்கம் செய்யச் சென்ற யூதா, அவர்களின் ஆடைக்குள்ளே சட்டம் விலக்கிய சிலைச் சின்னங்களைக் கண்டார். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று அவர் சாதிக்கவில்லை. செபிக்க இயலாது என்று திரும்பிப் போகவுமில்லை. 2,000 வெள்ளிக்காசு திரட்டி அவர்களுக்காகப் பாவம் போக்கும் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்பினார். செபம் தீர்ப்பு அன்று, புகழாரமும் அன்று. தீர்ப்பை ஆண்டவரிடம் ஒப்படைப்பதே மரித்தோருக்கான செபம். மரித்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்று என்று சிறுவயதிற் படித்தோம். அரசனின் சினத்துக்கு அஞ்சாது தோபித்து அதனைச் செய்தார்.

ஆனால், இந்நெறி நம்மையும் கட்டுப்படுத்தும். நம்மிடையே சில பெயர்கள் உரக்கச் சொல்லப்படுகின்றன; சில பெயர்கள் விழுங்கப்படுகின்றன. மாற்று இயக்கத்தில் இருந்ததற்காக நம்மவராலேயே கொல்லப்பட்டு, கல்லறையும் இன்றிப் போன இளைஞர்கள் உண்டு. விருப்பத்துக்கு மாறாகப் பள்ளிப் பருவத்திலேயே களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளைகள் உண்டு. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையின்போது கொல்லப்பட்ட முஸ்லிம் மக்கள் உண்டு. வறுமையினாற் படையிற் சேர்ந்து வன்னியில் மடிந்த சிங்களக் கிராமத்துப் பையன்கள் உண்டு. 2009இல் முள்ளிவாய்க்காலில் மடிந்து, அடக்கம் செய்ய ஆளின்றிக் கிடந்தோர் உண்டு. இவர்களை நினையாத நம் நினைவுகூரல் பாதி நினைவுகூரலே. கோப்பாய் நிலத்தை மீளத் தரும்படி இலங்கை அரசைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பிறர் பிள்ளைகளுக்காகவும் அழத் தெரிந்தவர்களாக நாம் அதனைக் கேட்டால், அக்குரலுக்கு வலிமை மிகும்.

ஆகவே, இம்மாதம் பலிபீடத்தருகே வைக்கப்படும் மரித்தோர் பெயரேட்டில், நீங்கள் எவ்விடத்திலும் சொல்லத் துணியாத பெயரையும் எழுதுங்கள். இயக்கப் பெயரோ பதவியோ வேண்டாம். ஞானஸ்நானத்திற் பெற்ற பெயர், அல்லது தாய் வைத்த பெயர் போதும். காணாமல் ஆக்கப்பட்டோரின் பெயர்களுக்குத் தனிப் பக்கம் இருக்கும். அவர்களை மரித்தோர் என்று எழுத நமக்கு உரிமை இல்லை. கொடிகளும் உண்டியல்களும் ஆலய வாசலுக்கு வெளியே நிற்கட்டும். எழுதப்பட்ட பெயர் ஒவ்வொன்றும் திருப்பலியில் வாசிக்கப்படும்.

இறைவனின் சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.